இருமல் நின்ற மாதங்களில் எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய இருமலை அறிவார்கள். மும்பை தாராவியில் எங்கள் சந்துக்குள் அவர் திரும்பும் முன்பே அந்தச் சத்தம் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் அதை எதிர்த்து அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது. மருத்துவமனைக்கு ஒவ்வொரு முறையும் உடன் சென்ற தங்கை என்பதால் நான் எழுதுகிறேன்.

அண்ணன் தாராவியிலேயே பிறந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த எங்கள் அப்பா, அண்ணன் பள்ளியில் படிக்கும்போதே காலமானார். அண்ணன் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனார். வண்டி ஓட்டக் கற்றார். என்னைக் கல்லூரியில் படிக்க வைத்து, டோம்பிவிலியில் மணமுடித்துக் கொடுத்தார். பிறகு செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பள்ளி வேன் ஓட்டினார். அந்த வேலையில் இருந்தபோதுதான் இருமல் தொடங்கியது.

காசநோய் என்றே எல்லோரும் பயந்தோம். சளிப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. ஆஸ்துமாவும் இல்லை. ஆனாலும் லோக்கல் ரயிலில் அவர் பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போவார்கள். அண்ணன் தலையைக் குனிந்து வாசலருகே போய் நின்றுகொள்வார்.

ஒரு நாள் காலை, சயான் சிக்னலைத் தாண்டும்போது இருமல் பிடித்துக்கொண்டது. விடாமல் இருமியதில் கண் இருண்டது. தெளிந்தபோது வேன் டிவைடரை ஒட்டிச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். முதலாளிக்குப் போன் செய்து வேறு டிரைவரை வரவழைத்து, அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லையே, யாருக்கும் தெரியாதே என்று முதலாளி சமாதானம் சொல்லியிருக்கிறார்.

“எனக்குத் தெரியும்லா” என்று மட்டும் சொன்னாராம் அண்ணன். அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. விக்ரோலியில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தார்.

அப்படியிருக்கையில், நுரையீரல் மருத்துவரான ஓர் அம்மையார் புதிய மருந்தின் சோதனை ஒன்று நடப்பதாகச் சொன்னார். அவர் இந்தியில் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். நம் உயிரணுக்களுக்கு எரிபொருளாக இருப்பது ஏடிபி என்னும் பியூரின் வகைப் பொருள். உயிரணுவுக்குள் இருக்கும்வரை அது எரிபொருள். எரிச்சலாலோ அடிபட்டோ வெளியே கசிந்தால் அதுவே அபாயச் செய்தி. மூச்சுக்குழாய் நரம்புகளில் அந்தச் செய்தியை வாங்கி இருமலைக் கிளப்பும் ஏற்பிகள் இருக்கின்றன. அண்ணனுக்கு அந்த நரம்புகள் தூசிக்கும் குளிர்காற்றுக்கும்கூடப் பதறின. புதிய மாத்திரை அந்த ஏற்பியை அடைத்துவிடும். பியூரின் ஏற்பிகள் பெரிய குடும்பம் என்றும், காபி நம்மை விழிக்க வைப்பதும், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் காக்கும் சில மாத்திரைகள் வேலை செய்வதும் அந்தக் குடும்பத்தின் வேறு ஏற்பிகளில்தான் என்றும் சொன்னார். நாக்கின் சுவை நரம்புகளிலும் இதே வகை ஏற்பி இருப்பதால் ருசி குறையலாம் என்று எச்சரித்தார். சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தே இல்லாத மாத்திரையும் தருவார்கள். யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது.

அண்ணன் சம்மதித்துச் சேர்ந்தார். சில நாளிலேயே இருமல் அடங்கியது. பகலில் அண்ணன் அயர்ந்து தூங்கினால், அந்த அமைதி பழகாத அண்ணி மூக்கருகே கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். ஆனால் சோறு அவருக்கு மண்ணாகிவிட்டது. தண்ணீர்கூட இரும்பை நக்கியதுபோல் இருந்தது. தட்டை அவர் பாதியில் ஒதுக்கும்போதெல்லாம் அண்ணியின் முகம் வாடும். உடம்பும் இளைத்தது. விட்டுவிடலாமா என்று அண்ணி கேட்டபோதெல்லாம் அண்ணன் மறுத்தார்.

அதே சோதனையில் ரஹ்மத் பீவி என்ற தாராவித் தையல்காரரும் இருந்தார். இருமி இருமி விலா எலும்பு விரிசல் விட்டவர். ஒரு நாள் மருத்துவமனை பெஞ்சில் அவர் அண்ணனிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அண்ணாச்சி, எனக்கு உப்பும் தெரியுது, புளியும் தெரியுது. ஒங்களுக்கு வாறது மருந்து, எனக்கு வெறும் மாவு. பாதியையாவது எனக்குத் தாங்க.”

அண்ணனின் பையில் மாத்திரைகள் இருந்தன. அவர் கை பையின் மேல்தான் இருந்தது. கொடுத்துவிடுவார் என்று நினைத்து நான் பதறினேன். பேசி முடிக்கக்கூட முடியாமல் அந்த அம்மாள் விலாவைப் பிடித்துக்கொண்டு இருமினார். அது அடங்கும்வரை அண்ணன் காத்திருந்தார்.

“தந்துருவேன் தாயி. ஆனா ஒங்களுக்கு என்னமும் ஆச்சுன்னா எதனாலன்னு டாக்டரம்மாவுக்குத் தெரியாமப் போயிரும். வாங்க, உள்ள போய்ச் சொல்லுவோம்.”

சொன்னால் இருவரையும் நீக்கிவிடக்கூடும். அது தெரிந்தேதான் உள்ளே போனார். ரஹ்மத் பீவியும் பின்னால் போனார். மருத்துவர் எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு யார் யாரிடமோ போனில் பேசினார். கதவு திறக்கும்வரை மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இருவரையும் நீக்கவில்லை. இனி இதைப் பற்றித் தங்களுக்குள் பேசக்கூடாது என்று மருத்துவர் கண்டித்தார். ரஹ்மத் பீவியின் சிறுநீரகம் சற்றுப் பலவீனமானது. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவது. அளவு பாராமல் சாப்பிட்டிருந்தால் ஆபத்து என்றும் சொன்னார்.

சோதனையின் பிந்திய கட்டத்தில் எல்லோருக்கும் உண்மை மருந்தே கொடுத்தார்கள். ரஹ்மத் பீவிக்கு அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். “அண்ணாச்சி, டீ சப்புனு இருக்கு” என்று அவர் வந்து சொன்னபோது அண்ணன் சிரித்ததை மறக்க முடியாது.

சோதனை முடிந்தது, மாத்திரையும் நின்றது. கடையில் வாங்க முடியுமா என்று அண்ணன் கேட்டார். இங்கே இன்னும் விற்பனைக்கு வரவில்லை என்றார்கள். அந்த வாரமே அண்ணி வைத்த மீன் குழம்பின் ருசி அவருக்குத் தெரிந்தது. பாதிச் சாப்பாட்டில் இருமலும் திரும்பியது. அண்ணி அழுதார். அண்ணன் இருமிக்கொண்டே இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியால் ஓரளவு சமாளித்து வந்தார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது இருமல் அல்ல, மாரடைப்பு. ஸ்டோரிலேயே சரிந்தவரை உடன் வேலை செய்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காப்பாற்ற முடியவில்லை.

அந்தத் தோழர்களுக்கும், எங்கள் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொன்ன மருத்துவருக்கும், காரியம் முடியும்வரை எங்களைச் சமைக்க விடாமல் சோறு கொண்டுவந்த சந்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ரஹ்மத் பீவிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். காரியத்தன்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர், நாக்கை அவ்வளவாகப் பாதிக்காத வேறொரு மாத்திரைக்குச் சோதனை தொடங்குவதாகச் சொன்னார்.

“ஆளு தேடுதாங்க. நான் பேரு குடுத்துட்டேன் மதினி. எனக்கு மாவே வந்தாலும் வரட்டும். அண்ணாச்சி வாய்க்கு ருசி இல்லாமத் தின்ன சோறு வீணாப் போவக் கூடாதுல்லா.”