காது தேவைப்படாத கார்ட்டூன்

என் கணவருக்குக் காது மந்தமாகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது என் தொண்டைதான். அப்போது பெருந்துறையில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். பகல் முழுக்க நாற்பது பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்தால், மாலையில் வீட்டில் ஒருவரிடம் கத்த வேண்டியிருந்தது. அவர் ஈரோட்டில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் ஃபிட்டர். பதினேழு வயதிலிருந்து தறிச் சத்தத்துக்குள்ளேயே நின்றவர். தொண்ணூறுகளின் நடுவில், அவருக்கு நாற்பது ஆவதற்குள்ளேயே, எதைச் சொன்னாலும் "என்ன அம்மிணி?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார். மறுபடி சொல்வேன். மூன்றாம் தடவை சொல்லும்போது, "சாப்பிட வாங்க" என்பதுகூடச் சண்டைக்கு இழுக்கிற மாதிரி ஒலிக்கும்.

டிவியில் படம் பார்ப்பதுதான் பெரும் பாடு. திரையில் இரண்டு பேர் பேசினால் அவர் என் பக்கம் திரும்புவார். "என்ன சொல்றான்?" நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆள் பேசிவிட்டிருப்பான். களைப்பில் நான் சொல்லாமல் விட்டால், மெதுவாக எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். கோபித்துக்கொண்டு போனால் பரவாயில்லை. அவர் கோபிக்கவே மாட்டார். மகள் சிரித்தால், கொஞ்சம் தாமதித்து அவரும் சிரிப்பார். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

ஒரு கோடை விடுமுறையில், எட்டு வயது மகளின் நச்சரிப்பு தாங்காமல் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் இரண்டு சினிமா கேசட்டும், "பாப்பாவுக்கு இது இருக்கட்டுங்க டீச்சர்" என்று ஒரு கார்ட்டூன் கேசட்டும் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் கறுப்பு வெள்ளை. எந்தக் காலத்துப் படமோ, திரை முழுக்கக் கீறல். மகளின் முகம் சுருங்கிவிட்டது.

"கலரே இல்லீங்கம்மா."

ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன். பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தபோது அவர் சிரிப்பது கேட்டது. மகள் சிரிக்கவில்லை. அவர் மட்டும், அதுவும் சரியான நேரத்தில், தானாகச் சிரித்தார். கத்தியோடு அப்படியே எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஒரு எருமை துணி துவைத்துக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த சட்டைகள் கீழே குதித்து, கையோடு கை கோத்து ஆடின. பக்கத்து வீட்டுப் புகைபோக்கி அதற்குத் தாளம் போடுவதுபோல் புகை விட்டது. யாருக்கும் எலும்பே இல்லை. கைகால்கள் ரப்பர் குழாய் மாதிரி வளைந்தன. சும்மா நிற்கிறவர்கள்கூட முழங்காலை மடக்கி மடக்கி எழுந்தார்கள்.

"இங்க வாயேன் அம்மிணி," என்றார். "இதுல ஒருத்தனும் பேசறதில்லை."

அவருடைய விரல் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தது. டிவியின் சத்தத்தை மகள் குறைத்து வைத்திருந்தாள்; எனக்கே லேசாகத்தான் கேட்டது. ஆனால் படத்தோடு ஓடிய பாட்டில் மேளம் எங்கே விழுந்ததோ, அங்கேயே அவர் விரலும் விழுந்தது.

பக்கத்தில் குனிந்து, "பாட்டு கேக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"கேக்கலை. ஆனா தெரியுது," என்றார். "எல்லாம் ஒரே எண்ணிக்கையில போகுது பாரு. ஒன்னுகூடத் தப்பலை. நல்லா ஓடற தறி மாதிரி."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. படம் ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம்தான். ஒன்று முடிந்தால் இன்னொன்று. மூன்றாவது படத்தில் நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். அப்புறம் டெக் எடுக்கும் போதெல்லாம் அந்தக் கேசட்டும் கூடவே வந்தது. மகளுக்கும் நாளாக நாளாக எருமையைப் பிடித்துப்போனது.

அடுத்த வருடம் ஒருவழியாக அவரைச் சம்மதிக்க வைத்து, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூன்று முறை லீவு போட வேண்டியிருந்தது. நரம்பு கெட்டது கெட்டதுதான், மெஷின் வைத்தால் பேச்சு கேட்கும், தறிச் சத்தத்தை விட்டு விலகினால் நல்லது என்றார் டாக்டர். காதில் மெஷினை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். கண்டக்டர் விசில் அடித்த ஒவ்வொரு தடவையும் அவர் தோள் துள்ளியது. வரும் வழியிலேயே டெக்கையும் அந்தக் கேசட்டையும் எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் முதன்முறையாக அந்தப் பாட்டைக் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் போயிருக்காது. மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"இவ்வளவு இரைச்சலாவா இருந்துச்சு? நான் பார்த்தது நல்லா இருந்துச்சு," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. இனிமேல் கத்த வேண்டாம் என்று நம்பித்தான் மூன்று முறை அலைந்திருந்தேன். "அப்ப நான் கடைசி வரைக்கும் கத்திக்கிட்டேதான் இருக்கணுமுங்களா?" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். மெஷின் அவர் பையில்தான் இருந்தது. ஆனாலும் அவருக்கு விளங்கிவிட்டது.

"நீ பேசறப்ப போட்டுக்கறேன்," என்றார்.

அப்படியேதான் செய்தார். சில மாதம் கழித்து முதலாளி அவரைத் தறியிலிருந்து துணிக் கிடங்குக்கு மாற்றினார். காது அதற்கு மேல் கெடவில்லை, தேறவும் இல்லை. சாயங்காலம் வந்ததும் முகம் கழுவிக்கொண்டு எதிரில் உட்காருவார். மெஷினை மாட்டி, அது கீச்சிட்டு அடங்கும் வரை தலையைச் சாய்த்து வைத்திருந்துவிட்டு, "சொல்லு," என்பார்.

பாதி நாள் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பேசிப் பேசித் தொண்டை வற்றியிருக்கும். அப்போதும் மெஷினைக் கழற்றாமல் அவர் சிறிது நேரம் காத்திருப்பார்.