நிழலில் படுத்த சிமென்ட் மூட்டைகள்

கார்மேகம் துபாய்க்கு வந்ததிலிருந்து சுவருக்குப் பெயின்ட் அடித்துத்தான் பிழைத்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், அல் குசைஸில் கம்பெனி கேம்ப்பில் ஜாகை. பிரஷ் கையில் இருந்தால் சும்மா இருக்க மாட்டார். கூட வேலை பார்ப்பவர்களின் முகத்தை இரண்டே இழுப்பில் சுவரில் போட்டுவிடுவார். எல்லோரும் சிரித்து முடிப்பதற்குள் அதன்மேல் அடுத்த பூச்சு ஏறிவிடும். அவரும் மறந்துவிடுவார்.

ஒரு மார்ச் விடுமுறையில் கார்மேகமும் கூட்டாளிகளும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் வேலைக்குப் போனார்கள். புத்தகம் எடுக்க வந்த சரித்திர ஆசிரியை நஸீஹா, அப்படி ஒரு முகத்தைச் சுவரில் பார்த்து நின்றுவிட்டார்.

"யாரு போட்டது?"

"அழிச்சுப்புடுறேன் டீச்சர். இன்னொரு கோட் இருக்கு."

"அழிக்கிறது கிடக்கட்டும். எனக்குச் சில படம் பெருசா வரைஞ்சு தருவீங்களா?"

பள்ளிக் கண்காட்சிக்கு டீச்சர் எடுத்திருந்தது தாமஸ் நாஸ்ட்டின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் அரசியல் கேலிச்சித்திரம் போட்டவர் அவர். விடுமுறை நாட்களில் பள்ளிக்குப் போய் கார்மேகம் அந்தப் படங்களை வரைந்தார். தலை இருக்க வேண்டிய இடத்தில் பணமூட்டை வைத்த ஒரு தடித்த ஆள் வந்தபோது கை நின்றது.

"இது யாரு டீச்சர்?"

"ட்வீட்னு ஒருத்தர். நியூயார்க்கையே கைக்குள்ள வச்சிருந்து ஊர்ப்பணத்தைச் சுருட்டினவர். பேப்பர்ல என்ன வேணாலும் எழுதட்டும், என் ஆளுங்களுக்குப் படிக்கத் தெரியாது, இந்தப் பாழாப்போன படத்தைத்தான் பார்த்துடறாங்கன்னு புலம்பினாராம். கடைசியில ஸ்பெயினுக்கு ஓடிப்போனார். அங்க அவரை அடையாளம் கண்டுபிடிக்கவும் நாஸ்ட் படம்தான் உதவிச்சு."

கேம்ப்புக்குத் திரும்பும் பஸ்ஸில் கார்மேகம் அந்தப் பணமூட்டைத் தலையை ஜன்னல் தூசியில் விரலால் வரைந்து பார்த்தார்.

ஜூன் வந்தது. புது சைட்டில், மதிய வெயில் இடைவேளைக்கென்று ஏசி வைத்த கொட்டகை ஒன்று கட்டியிருந்தார்கள். மீசைக்கார ஃபோர்மேன் உடையப்பன் அதில் சிமென்ட் மூட்டைகளை அடுக்கிப் பூட்டி வைத்தார். ஆட்கள் சுவரோரத்து நிழலில் ஒண்டிக்கொண்டார்கள். வங்காளத்து ஹெல்பர் ஷஃபிகுல் ஒருநாள் மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்; நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான். ஆனாலும் வாய் திறக்க ஆளில்லை. கார்மேகத்துக்கோ இன்னொரு சங்கடம்: அவருக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்ததே உடையப்பன்தான்.

மறுநாள் ஒரு பிளைவுட் துண்டில் கறுப்புப் பெயின்ட்டால் வரைந்தார். கொட்டகைக்குள் சிமென்ட் மூட்டைகள் தலையணை வைத்து, போர்த்திக்கொண்டு தூங்குகின்றன. பெரிய மீசைக்காரர் ஒருவர் அவற்றுக்கு விசிறி வீசுகிறார். வெளியே ஆட்கள் மெழுகுவத்தி மாதிரி உருகி வழிகிறார்கள். ஓர் எழுத்துக்கூட இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மாட்டிவிட்டார்.

நேபாளி சிரித்தான், பாகிஸ்தான் பட்டாணியன் சிரித்தான், ஷஃபிகுல் சிரித்தான். யாரும் யாருக்கும் விளக்கவில்லை. ரவுண்ட்ஸ் வந்த என்ஜினீயரும் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, நேராகப் போய்க் கொட்டகையைத் திறக்கச் சொன்னார்.

"எவன்டா இந்த வேலை பார்த்தது?" என்று உடையப்பன் ஷஃபிகுலைப் பார்த்துக் கத்தினார்.

"நான்தான்ணே," என்றார் கார்மேகம். விசா கேன்சல் ஆகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தார்.

ஒன்றும் ஆகவில்லை. மூட்டைகள் வேறு இடத்துக்குப் போயின. மதியம் எல்லோரும் உள்ளே படுத்தார்கள். உடையப்பன் மட்டும் வெகுநாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு மதியம் கொட்டகைக்குள் வந்து கார்மேகம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஸ்டோர்ல எடமில்லைன்னு என்னையப் போட்டு நெருக்குனாங்கப்பா. நான் மேல போய்க் கேட்டுருக்கணும். கேக்கல." மீசையைத் தடவிக்கொண்டார். "ஆனாலும் மீசைய இம்புட்டுப் பெருசாப் போட்டிருக்க வேணாம்."

அந்த வருஷமே என்ஜினீயர் சொல்லி, கார்மேகத்தை சேஃப்டி பிரிவுக்கு மாற்றினார்கள். இப்போது அவருடைய வேலை, எந்த பாஷைக்காரனும் பார்த்ததும் புரிந்துகொள்கிற எச்சரிக்கைப் பலகைகள் வரைவது. சேஃப்டி பெல்ட் மாட்டாதவன் தலைக்கு மேல் எமன் எருமையை நிறுத்திக் காத்திருப்பது மாதிரி போட்டார். எமனைத் தெரியாதவர்களுக்கும் எருமை நிற்கிற நிற்பு புரிந்தது.

மாற்றல் கிடைத்த வாரம் தேரா கடைவீதியில் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு போய், நஸீஹா டீச்சரிடம் நடந்ததையெல்லாம் சொல்லி நன்றி சொன்னார்.

"நான் என்ன செஞ்சேன்? படம் வரைஞ்சு தாங்கன்னு கேட்டேன், அவ்வளவுதானே. நன்றியை நாஸ்ட்டுக்குச் சொல்லுங்க."

"அவரை எனக்குக் காட்டுனது நீங்கதான டீச்சர். இல்லைன்னா இன்னைக்கும் போட்டு அழிச்சுக்கிட்டே இருந்திருப்பேன்." கண் கலங்கியதை மறைக்கப் பேரீச்சம்பழப் பெட்டியைப் பிரித்து நீட்டினார்.

டீச்சர் ஒன்றை எடுத்துக்கொண்டு, "அந்தப் பிளைவுட் படத்தை எங்க கிளாஸுக்குக் கொடுங்களேன்," என்றார்.

"அது உடையப்பண்ணன் ரூம்ல தொங்குது டீச்சர். கேட்டுப் பார்த்துட்டேன், தர மாட்டேங்குறாரு."