தம்பியின் பாடு

2024 மார்ச் 29, பெரிய வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வெயில் கொளுத்தியது, ஏரியில் பேருக்குக்கூடக் காற்றில்லை. கோயிலில் ஆறு மின்விசிறிகளில் இரண்டு ஓடவில்லை. சாமியார் ஆண்டவரின் திருப்பாடுகளை வாசிக்கத் தொடங்கினார். நான் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல், பின்வரிசையில் என் தம்பியின் இருமலுக்காகக் காது கொடுத்திருந்தேன். கேட்கவில்லை.

ஒன்பது வருடமாக அவனோடு எனக்குப் பேச்சில்லை. எங்கள் ஏரியில் பாடு என்றால் வேறு. எந்த நாள் எந்தப் படகு எங்கே வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்கள். ஒருவனுக்கு விழுந்த முறைதான் அவன் பாடு. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள், தம்பியின் பாடு. அவன் குடித்துவிட்டுப் படுத்திருந்தான். “நைனா, சித்தப்பாவுக்கு முடியலியாம், நான் போறேன்” என்று என் மகன் போனான். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. ஒரே மகன். அடுத்த வருடம் அவன் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு வீட்டில் புழங்குவது தட்டு ஒன்று, தம்ளர் ஒன்று.

சாமியார் பாடு என்னும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு பாடுதான் காதில் விழும். தம்பிக்கும் அப்படித்தான் விழும் என்று நினைத்துக்கொள்வேன். அவன் ஒரு பெரிய வெள்ளியும் தவறாமல் படகேறி வருவான். வரட்டும், உட்கார்ந்து கேட்கட்டும் என்றிருந்தேன். இந்த முறை அவன் இல்லை. சிலுவையை முத்தமிட நின்ற வரிசையில் எனக்கு முன்னால் நாற்பத்தொரு பேர். எண்ணி முடித்தும் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

கோயிலில் ஊற்றிய கஞ்சியைத் தூக்கில் வாங்கிக்கொண்டு, ஏரிக்கு அந்தப் பக்கம் தம்பி குடியிருக்கும் பசியாவரத்துக்குப் படகேறினேன்.

தம்பி கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். வலது கையும் காலும் விளங்கவில்லை. அவன் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

“இன்னாண்ணா, வழி தெரிஞ்சுதா?” என்றான்.

“படகுக்காரனுக்குத் தெரிஞ்சுது.”

“கெடக்கறானா, பூட்டானானு பாக்க வந்தியா?”

“கோயிலுக்கு வரலியேனு வந்தேன். கஞ்சி ஆறிப்போச்சு, குடி.”

அவன் தூக்கைத் தொடவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அன்னிக்கு என் பாடுண்ணா. நான் போயிருக்கணும். புள்ளைய அனுப்பிட்டேன்.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒன்பது வருடம் காத்திருந்தேன். அதற்கான பதிலையும் தயாராக வைத்திருந்தேன், கொடுமையான பதில். வாயில் வந்தது வேறு.

“நீ போயிருந்தா நீ செத்திருப்ப. கஞ்சி யாருக்குடா எடுத்துனு வர்றது?”

அவன் முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு அழுதது. கஞ்சியை மூடியில் ஊற்றி ஊட்டினேன். பாதியில் நிறுத்தி, “உப்பு பத்தலண்ணா” என்றான்.

“சாமியார்கிட்ட போய்ச் சொல்லு.”

சிரித்ததில் புரையேறிவிட்டது. முதுகைத் தட்டினேன். அதே இருமல்தான். மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஈஸ்டர் அன்றைக்கும் வருவாயா என்று மட்டும் கேட்டான். உப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

கரைக்கு வந்தபோது கடைசிப் படகு போயிருந்தது. ஒற்றை ஆளுக்காக எடுக்க வேண்டுமென்றால் நூறு என்றான் ஒருவன். பேரம் பேசிப் பார்த்தேன், மசியவில்லை. எதிர்க்கரையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, என் வீட்டைத் தவிர.

போக இருபது, வர நூறு. ஆக நூற்றிருபது ரூபாய்.