மேயரின் முதல் கேள்வி

"பரோவின் முதல் குடிமகன். கண்ணியத்தின் சின்னம். சடங்குப் பதவி, நிர்வாக அதிகாரம் கிடையாது." எங்கள் பரோ, அதாவது நகர்ப்பகுதி, கவுன்சிலின் இணையதளம் மேயரை இப்படித்தான் வர்ணிக்கிறது. அந்தக் கண்ணியத்தின் சின்னம் கோவில் திருவிழாவுக்கு வந்து இறங்கியதும், பூரணகும்பத்தோடு நிற்பவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி: "ரொய்லெட் எந்தப் பக்கம்?"

தேவைக்காக அல்ல, பார்வையிட. தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, வயதானவர்கள் பிடித்து எழும்பக் கம்பி உண்டா என்று பார்த்த பிறகுதான் மேயர் மெற்றில்டா மாலைக்குக் கழுத்தை நீட்டுவார். பள்ளிக்கூடம், தேவாலயம், கடைத் திறப்பு எங்கும் இதே முறை. கழுத்தில் மேயர் பதவிக்குரிய பொன் சங்கிலி. காலில் பஸ் ஓட்டிய காலத்துக் கறுப்புச் சப்பாத்து. பத்தொன்பது வருடம் ஓட்டியவர்.

"கடைசி ஸ்டொப்பிலை ரொய்லெட் இல்லாட்டி ட்ரைவர் தண்ணி குடிக்கமாட்டான். நானும் குடிக்கேல்லை. என்ரை கிட்னியைக் கேளுங்கோ" என்பார். கட்சி நேர்காணலில் கொள்கை என்னவென்று கேட்டபோதும் இதையே சொன்னாராம்.

போன மார்ச்சில் பஸ் நிலையக் கழிப்பறையை மூட அவருடைய கட்சியே தீர்மானம் கொண்டுவந்தது. அந்தக் கழிப்பறையை நம்பித்தான் யோகலிங்கம் வெளியே நடமாடுகிறார். எழுபத்தெட்டு வயது, நீர் போகும் மாத்திரை எடுப்பவர். "அதைப் பூட்டினா நான் வீட்டுக்குள்ளைதான் பிள்ளை" என்று மேயரிடம் சொல்லிவிட்டு, பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

வாக்குகள் இருபத்தேழுக்கு இருபத்தேழு. சமமாக நின்றால் முடிவு செய்யும் வாக்கு மேயருடையது; அதைத் தன் கட்சிக்கே போடுவது இங்கே வழக்கம். கட்சித் தலைவர் மாதவன் மேடைப் பக்கம் குனிந்தார். "மேடம், வழக்கம் தெரியும்ல? அடுத்த தேர்தல்ல சீட் வேணும்ல?"

"ஓம் தம்பி, தெரியும். நீர் ஒருநாளும் பஸ் ஓட்டேல்லை, என்ன?"

மெற்றில்டாவுக்கு சீட் கிடைக்கவில்லை. சங்கிலி மே மாதம் வேறொருவர் கழுத்துக்குப் போய்விடும். யோகலிங்கம் இன்றும் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறார். "அந்தப் பிள்ளைக்கு நான் என்னத்தைக் குடுக்க? பிளாஸ்க்கிலை தேத்தண்ணி கொண்டு போனனான். பயப்பிடாமல் ரெண்டு கோப்பை குடிச்சவ" என்றார், தாமே மேயராகப் பதவியேற்ற பெருமையோடு.

மேயருக்கு அதிகாரம் கிடையாது என்ற வரி இணையதளத்தில் அப்படியே இருக்கிறது. அன்றைய வாக்கெடுப்பில் மெற்றில்டா, கழிப்பறையை மூடக் கூடாது என்று கை தூக்கினார்.