பத்து நாளும் ஏழு ஊரும்

சென்ற மாதம் பள்ளிக்கூட விடுமுறையில் இந்தியாவுக்குப் போய் வந்தோம். பத்தே நாள். எத்தனை ஊர் என்று கேட்கிறீர்களா? பொறுங்கள்... அதைத் தீர்மானிப்பதற்குள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

என் மனைவி பறுவதத்துக்குச் சித்திரையில் நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபோயிட். டாக்டரே கைவிரித்த ஒரு நாளும் உண்டு. அந்த மயக்கத்திலும் சிதம்பரத்துக்கு நேர்ந்துகொண்டாள். பிழைத்து எழும்பிவிட்டாள். ஆனால் யாழ்ப்பாணத்தில், சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் போவதற்குள் இரண்டு தரம் நின்றுவிடுவாள்.

அவளுடைய தமையன் கனகசபைக்கு மலாயாவில் ரயில்வே உத்தியோகம். செய்தி கேட்டு, நாலு வருடம் சேர்த்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு கப்பலேறி வந்துவிட்டார். "தங்கச்சியை நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றார். நல்ல மனம்தான். ஆனால் ரயில்வேக்காரர் கையில் ரயில் நேரம் போட்ட ரைம் ரேபிள் கிடைத்தால் சும்மா இருப்பாரா?

புறப்பட நாலு நாள் இருக்கையில் ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தார். இராமேஸ்வரம், மதுரை, பழனி, திருச்சி, தஞ்சாவூர், சிதம்பரம், திருவண்ணாமலை — ஏழு ஊர்!

"மதுரையிலை காலமை இறங்கிறம், மத்தியானம் ஏறுறம்."

"ஓம் அண்ணை" என்றாள் பறுவதம்.

"பழனியிலை மலை ஏறி இறங்க ரெண்டு மணித்தியாலம் காணும்."

"ஓம் அண்ணை."

மலையா? கிணற்றடிக்கே இரண்டு தரம் நிற்கிறவளா? ஏன் வாய் திறக்கவில்லை என்பீர்கள். கடல் கடந்து ஓடிவந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவளும் அதனால்தான் ஓம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீர் என்ன சொல்லுறீர் மச்சான்?" என்றார் என்னைப் பார்த்து.

தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான் என் வீரம்.

பறுவதம்தான் மெல்லக் கேட்டாள். "அண்ணை, நித்திரை எப்ப?"

"றெயிலிலை."

"சாப்பாடு?"

"ஸ்ரேசனிலை."

"சாமி கும்பிடுறது?"

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோவியாதேங்கோ அண்ணை. எனக்கு நடக்க ஏலாமல் கிடக்கு. நான் நேர்ந்தது சிதம்பரம் ஒண்டுக்குத்தான். அங்கை ஆறுதலாய் இருந்து கும்பிடவேணும்." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

கனகசபை எழுந்து முற்றத்தில் போய் நின்றார். கோபமோ? சிறிது நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஏன் பிள்ளை இதை முந்தியே சொல்லேல்லை? உனக்கு ஆசையாய் இருக்குமெண்டெல்லோ எழுதினனான். எனக்கும் றெயில் எண்டால் அலுத்துப் போச்சு!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்புக்காகச் சொல்லும் 'ஓம்' இருக்கிறதே... அதை இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

சிதம்பரத்தில் நம்மவர் மடமொன்றில் தங்கினோம். முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். மூன்றாம் நாள் தமையன் கையை. ஆறாம் நாள் காலையில் விழித்துப் பார்த்தால் — ஆளைக் காணவில்லை! இருவரும் பதறிக்கொண்டு ஓடினோம். சந்நிதியில் தனியாகக் கைகூப்பி நின்றாள்.

"ரெண்டு பேரும் நல்ல நித்திரை. எழுப்ப மனம் வரேல்லை" என்றாள்.

கனகசபை சால்வையால் முகத்தைத் துடைத்தார். நான் தூண் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வரும் வழியில் இராமேஸ்வரத்தில் கடல் தீர்த்தம் மட்டும். "எத்தனை ஊர் பாத்தியள்?" என்று அயலவர் கேட்டால் "ஒண்டரை" என்கிறேன். பரிதாபப்படுகிறார்கள். படட்டுமே! நேற்றுப் பறுவதம் என்னோடு அடுத்த ஊரான மானிப்பாய்வரை நடந்தே போய்வந்தாள்.

திரும்பும்போது வண்டி பிடிப்போமா என்று கேட்டது நான்தான்.