அமுக்கிய பை

மேலே கொக்கியில் ரத்தப் பை, கீழே காலிப் பை, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபில்டர். இருபத்திரண்டு வருடமாக அவள் முகத்துக்கு நேரே தொங்குவது இதுதான். ரத்த வங்கியில் அவளுக்குப் பேரே ஃபில்டர் அக்கா. ரத்தம் கொடுத்தவரின் வெள்ளை அணுக்களை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். மற்றது தன் பாரத்தில் சொட்டி இறங்கும். யாரும் ஒத்தாசை செய்யக் கூடாது. அவசரப்பட்டுப் பையை அமுக்கினால் வெள்ளை அணுக்களும் முண்டியடித்துக்கொண்டு இறங்கிவிடும்.

அரை மணியில் முடிய வேண்டியது, அன்று ஒன்றரை மணி ஆகியும் பாதிதான் இறங்கியிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வரும் ஒன்பது வயதுப் பெண்ணுக்கான பை அது. வார்டில் அவளைக் குருவி என்பார்கள். போன தடவை ஃபில்டர் தீர்ந்துபோய், வடிகட்டாமல் ஏற்றியதில் குளிர் கண்டு கட்டிலோடு சேர்ந்து ஆடிவிட்டாள்.

வார்டு நர்ஸ் மூன்றாவது முறையாகப் போன் செய்தாள். "காலைலேர்ந்து பிள்ளை கையில ஊசியோட உட்காந்திருக்குக்கா. ஒவ்வொரு சொட்டுக்கும் பேர் வச்சா அனுப்புறீங்க?"

ஐஸ் பெட்டியோடு காத்திருந்த ஊழியர் சுவரில் சாய்ந்தார். "ஒரு அமுக்கு அமுக்கும்மா. யாரு பாக்கப் போறா?"

"பேசாம உட்காருங்கண்ணே."

அதற்குள் செல்போன். வீட்டுக்காரர். "அரிசிக்கு எத்தனை விசில்?"

"மூணு."

"அஞ்சு விட்டுட்டேனே."

"அப்ப எதுக்குக் கேக்குறீங்க?"

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கியபடி பேசி முடித்தபோதுதான் கையைப் பார்த்தாள். அது பாட்டுக்குப் பையைப் பிழிந்துகொண்டிருந்தது. கீழ்ப் பை நிறைந்திருந்தது.

ஊழியர் பெட்டியைத் திறந்தார். "வேலை முடிஞ்சுது பாரு."

அவள் பையைக் கொடுக்கவில்லை. ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆடுவதானால் கட்டிலில் ஆடப்போவது குருவி. நாள் முழுக்க நின்றதில் அவளுக்குக் கால் இரண்டும் பொதபொதவென்று வீங்கியிருந்தன. இப்போதே மணி நாலு. ஆறு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டுக்குத்தான். 'சாதாரணப் பை, குருவிக்கு வேண்டாம்' என்று சீட்டு எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் தனியாக வைத்தாள். பிறகு வார்டுக்குப் போன் போட்டாள்.

"பையை அமுக்கிட்டேன். வேற பைதான் போடணும். ரத்தம் ஒத்துப்போகுதான்னு பாத்து, வடிகட்டி அனுப்ப ரெண்டு மணி நேரம் ஆகும்."

"இத்தனை வருஷ சர்வீஸ்ல நீங்களாக்கா?"

"நானேதான்."

நர்ஸ் திட்டினாள். அதில் நியாயம் இருந்தது, அவள் கேட்டுக்கொண்டாள்.

இரண்டாவது பையைத் தொங்கவிட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"கைக்கு என்னாச்சு?" என்றார் ஊழியர்.

"காவல்ல வச்சிருக்கேன்."

அவர் சிரிக்கத் தொடங்கிக் கொட்டாவியில் முடித்தார். இந்தப் பை முக்கால் மணியில் தானாகவே இறங்கிவிட்டது.

ஏழரை மணிக்கு நர்ஸ் கூப்பிட்டாள். "பாதிக்கு மேல ஏறிடுச்சு. குருவி தூங்குது. போர்வை கேக்கல."

"சரி."

"அந்த அமுக்குன பையை ஏத்தியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதோ என்னவோக்கா."

"இருக்கலாம்," என்று போனை வைத்துவிட்டு, வீங்கிய காலைச் செருப்புக்குள் திணித்தாள். வீட்டில் குழைந்த சோறு காத்திருந்தது.