சரோஜா அக்காவின் இரண்டரை சதவீதம்

சரோஜா அக்கா காலமானார் என்ற செய்தி வந்தபோது நான் யாங்கோன் நகரத்துக் கியாக்டடாவில், சூலே பஸ் நிறுத்தத்து நெரிசலில் நின்றிருந்தேன். பேசியவர் அவர் கணவர் முத்தையா அண்ணன். மூன்று நாள் காய்ச்சல். "போயிட்டா, ராணி" என்றார். அடுத்து அவர் சொன்னதில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மீ வேற போயிருச்சு. பக்கெட்டு சூடாகுது." மீ என்றால் இங்கே மின்சாரம். பக்கெட்டில் இருந்தது, அக்கா காய்ச்சி நொதிக்க வைத்திருந்த பியர்.

குளிர்பானத் தொழிற்சாலை ஆய்வகத்தில் பதினொரு வருடம் அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மனுஷி அவர். பியர் காய்ச்ச அவரை இறக்கிவிட்டது ஆசையல்ல, பயம். அண்ணனுக்குக் கல்லீரல் கெட்டுக்கொண்டிருந்தது. வேலை விட்டால் நேரே பியர் சைங், அதாவது பியர் கடை. இப்படியே குடித்தால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அடியோட நிறுத்துன்னா மறுநாளே அங்க ஓடிருவாரு. கொஞ்சங் கொஞ்சமா இறக்கணும்" என்றார் அக்கா.

தொழிற்சாலைக்கு வந்துபோன ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஒருவர் தம் ஊர் ஏல் பியரின் செய்முறையை எழுதிக் கொடுத்திருந்தார். முளைகட்டி உலர்த்திய பார்லி, அதுதான் மால்ட், ஊறிய முதல் சாற்றில் கொஞ்சத்தைத் தனிச்சட்டியில் பாகுபதத்துக்குச் சுண்டக் காய்ச்சி மீண்டும் கலக்க வேண்டும். நிறமும் வாய்க்குக் கனமும் வந்துவிடும். போதை இரண்டரை சதவீதம்தான், கடை பியரில் பாதி. அண்ணனிடம், "வெள்ளக்காரன் சரக்கு, கடைச் சரக்க விட ஸ்ட்ராங்கு" என்று கூசாமல் புளுகினார். உண்மை எனக்கு மட்டும் தெரியும். அது குளிர்ச்சியில் நொதிக்க வேண்டிய பியர். யாங்கோன் வெயிலிலும் மின்வெட்டிலும் நடக்கிற காரியமா? பக்கெட்டுக்கு ஈர லுங்கி சுற்றி, ஐஸை மாற்றிக்கொண்டே இருந்தார். ஆய்வகத்தில் இருக்கும்போதும் "ஐஸ் கரைஞ்சிருக்கும்" என்று எழுந்துவிடுவார். ஆறு மாதம் அண்ணன் கடைப்பக்கம் போகவில்லை.

இடையில் நான் ஒரு வேலை செய்தேன். அக்கா ஐஸ் வாங்கப் போயிருந்தபோது, சாறு தண்ணியாக இருக்கிறதே என்று பெரிய மேதாவியாட்டம் ஒரு பொட்டலம் பனைவெல்லத்தைக் கரைத்து ஊற்றிவிட்டேன். வெல்லம் அப்படியே போதையாக மாறும் என்பது ஆய்வகத்தில் வேலை பார்ப்பவளுக்குத் தெரிய வேண்டாமா? பாட்டிலில் அடைக்குமுன் அளந்து பார்த்த அக்கா, "அவரு உயிரோட வெளையாடிட்டியே, ராணி" என்றார். அத்தனையையும் சாக்கடையில் கொட்டிவிட்டு மறுநாளே மறுபடி அடுப்பு மூட்டினார். நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் முன்னறையில் அழுதுகொண்டிருந்தபோது, நான் பின்பக்கம் பக்கெட்டுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான், கை சும்மா இருக்க மறுத்தது. அண்ணன் வந்து நின்றார்.

"இதுல எவ்வளவு இருக்கு தங்கச்சி?"

இனி மறைத்து என்ன? "ரெண்டரை, அண்ணே."

"மூணு இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

கையில் ஐஸோடு நிமிர்ந்தேன்.

"குடிகாரன் வாய்க்குத் தெரியாதா? மொத மொடக்குலயே தெரிஞ்சுபோச்சு. ஐஸத் தூக்கிக்கிட்டு அவ ஓடுன ஓட்டத்துக்கு, போதை ஏறுன மாதிரி தள்ளாடிக் காட்டுனேன். அவளுக்கு அம்புட்டு சந்தோஷம்." பக்கெட்டில் நழுவியிருந்த ஈர லுங்கியை இழுத்துச் சுற்றினார். "இனிமே யாருக்குத் தள்ளாடிக் காட்ட?"

மிச்ச ஐஸையும் பக்கெட்டைச் சுற்றி அடுக்கினேன்.

அக்கா, நிம்மதியாக உறங்குங்கள் என்று அஞ்சலி எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு ஒட்டவில்லை. தினமும் வேலை விட்டதும் அண்ணனுக்குப் போன் செய்கிறேன். "வீட்லதாம்மா இருக்கேன்" என்பார். நேற்று எடுக்கவில்லை. இன்று நான்கு முறை அடித்துவிட்டேன். அண்ணன் வீடு இருக்கும் தாகேதாவுக்கு பஸ் பிடிக்கக் கிளம்புகிறேன். வீட்டில் இல்லையென்றால் அங்குள்ள பியர் சைங் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்குவேன். நீங்கள் போய் வாருங்கள், அக்கா. அவரை நான் தேடிக்கொள்கிறேன்.